தண்ணி முறை

காலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு மருந்தை ஏற்றினேன்.
செஃபுரொக்சிம், ஒன்றரைக் கிராம், இடது கை நாளம்.
தியேட்டர்ச் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தும்;
அதனால் என் கையைப் பார்த்து எழுதினேன்.

மேசையில் சம்மாந்துறை அலியார் றிபாய்தீன்,
நாற்பத்தொரு வயது, வட்டவிதானை.
லேண்ட்மாஸ்டர் வரம்பில் சரிந்து
முழங்காலுக்குக் கீழே எலும்பு
சில்லு ஏறிய மட்டிச் சிப்பி.

முதல் நாள் பின்னேரம் கையொப்பம் கேட்டுப் போயிருந்தேன்.
"துளை போடும்போது உதிரும் எலும்புத் தூளில்
ஒரு சிட்டிகை எடுப்போம்.
மருந்து அங்கே எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க."
படிவத்தை விட்டு என்னைப் பார்த்தார்.
"அப்ப, போகுதா இல்லையா எண்டே
உங்களுக்குத் தெரியாதா, டொக்டர்?"

தெரியும் என்றேன்.
இரத்தத்தில் எவ்வளவு என்று தெரியும்.
தசையில் அதைவிடக் குறைவு என்று தெரியும்.
எலும்பு
கடைக்கண்டம்.
வெளி ஓடு கல்; உள்ளே மயிரிழை வாய்க்கால்கள்,
உடைந்த இடத்தில் அவையும் தூர்ந்து கிடக்கும்.
ஏற்றியதில் எட்டிலொன்றோ ஆறிலொன்றோ
போய்ச் சேரலாம்.

"கடைக்கண்டத்தான் எப்பவும் கணக்குக் கேப்பான்"
என்றபடி கையொப்பம் வைத்தார்.
எனக்குச் சொன்னாரா பேனைக்கா, தெரியாது.

தொடையில் காற்றுப்பட்டி.
அது இறுகிய பின் கீழே ஒரு சொட்டு இரத்தம் இறங்காது,
மருந்தும் இறங்காது.
இறுகுமுன் போனதுதான் போனது.
பத்து நிமிடமாவது விட வேண்டும்.
இருபது என்றால் நிம்மதி.

வெளியே ஆம்புலன்ஸ்.
காரைதீவுச் சந்தியில் அடிபட்ட பிள்ளை ஒன்று,
இருப்பதோ ஒரே தியேட்டர்.
சர்ஜன் முகமூடிக்கு மேலால் கண்ணால் கேட்டார்.
"இன்னும் கொஞ்சம்" என்றேன்.
எவ்வளவு கொஞ்சம் என்று சொல்லவில்லை.
ஆறு ஐம்பத்தொன்பதுக்குப் பட்டி இறுகிற்று.
ஏழு நிமிடம். அதையும் எழுதினேன்.

(அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.
அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்,
எந்த நிரலில் என்றுதான் தெரியவில்லை.)

ட்ரில்லின் நுனியில்
ஈர ரவை போல, கொஞ்சம் இளஞ்சிவப்பாய்,
ஒரு மனிதனின் தூள்.
குழாய்க்குள் போட்டு, பெயருக்குப் பதில் பதினேழு என்று ஒட்டி,
ஐஸ் பெட்டியை இரவு கொழும்பு பஸ்ஸில் ஏற்றினேன்.
"மீனா மிஸ்? மணந்தா இடையில இறக்கிருவன்"
என்றார் கண்டக்டர்.
மணக்காது என்றேன்.
மேலே யாருடையவோ தயிர்ச்சட்டியை வைத்தார்.

பதினொரு கிழமைக்குப் பின் தாள் வந்தது.
பதினேழு: ஒரு கிராம் எலும்பில் மூன்று மைக்ரோகிராம்.
நான்கு இருந்தால் போதும் என்று வைத்திருந்தோம்.
மற்ற இருபத்திரண்டு பேரும் நான்குக்கு மேலே.

எத்தனை தரம் வாசித்தாலும் மூன்று.
ஐந்து மணிக்கு மேல் கூப்பிட்டேன்.
அந்தப் பக்கம் தண்ணீர் இரைச்சல், தவளை,
யாரோ மண்வெட்டியால் கொத்தும் சத்தம்.

"காய்ச்சல் வருதா?"
"இல்ல."
"தையல் இடம் சிவந்திருக்கா? கசியுதா?"
"காலில கசிவு இல்ல டொக்டர்.
மடையிலதான் கசியுது.
எங்கட முறை ஏழு மணி வரைக்கும்தான்,
பிறகு எடுக்கட்டா?"

ஊன்றுகோலோடு வரம்பில் நிற்க யார் சொன்னது
என்று நான் கேட்குமுன் வைத்துவிட்டார்.

அட்டவணையில் எலும்புக்கு நேரே மூன்று.
காயத்துக்கு நேரே: உலர்ந்தது.
இரண்டுக்கும் நடுவே பென்சிலால் ஏழு.

உள்ளே உலோகத் தகடு இருக்கும் காலை
ஒரு வருடமாவது நம்பக் கூடாது.
அடுத்த மாதம் மறுபடி கூப்பிட வேண்டும்,
முறை இல்லாத நாளாகப் பார்த்து.